மலையகத்துக் கடல்நீர்த் தொட்டியில் பவுடர் ப்ளூ: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டறிதல்

பவுடர் ப்ளூ டாங் என்று கடைகளில் விற்கப்படும் அகந்துரஸ் லூகோஸ்டேர்னன், இந்து சமுத்திரத்தின் ஆழங்குறைந்த முருகைக்கல் திட்டுகளில், அலை உடைந்து நுரைக்கும் இடங்களில், பகல் முழுவதும் பாசி மேய்ந்து வாழும் மீன். நீல உடலும் கறுத்த முகமும் மஞ்சள் முதுகுச் செட்டையுமாக அது திரியும் அழகைக் கண்டே பலர் அதை வாங்குகிறார்கள். சில வாரங்களுக்குள் இழந்தும் விடுகிறார்கள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இதை வளர்ப்போர் சொல்லும் ஆலோசனைகள் நல்லவையே. ஆனால் அவர்கள் கடல்மட்டத்தில் இருப்பவர்கள். தொட்டியைச் சூடேறாமல் காப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் நிலைமை வேறு. மலையில் இம்மீனுக்கு வரும் தொல்லைகளிற் பல நோய்போலத் தோன்றினாலும், காற்றழுத்தக் குறைவிலிருந்தும் இரவுக் குளிரிலிருந்தும் தொடங்குபவை. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் மருந்துப் போத்தலைத் திறப்பதற்கு முன் இவ்விரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பதற்குரிய நேரம் விடியற்காலை, தொட்டி விளக்கு எரிவதற்கு முன்னர். மாலையில் எல்லா அளவுகளும் நன்றாகவே இருக்கும். மாலை அளவை வைத்துக்கொண்டு காரணம் தேடினால் எதுவும் அகப்படாது. இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையை நினைவில் வைத்துக் காட்டும் வெப்பமானி ஒன்றும், நம்பத்தக்க பி.எச். அளவியொன்றும், மங்கலான கைவிளக்கொன்றும் இருந்தால் போதும்.

விடியற்காலையில் மேற்பரப்பை ஒட்டி நின்று வேகமாக மூச்சு விடுகிறது

மலையில் மிக அடிக்கடி காணப்படும் அறிகுறி இதுவே. மீன் பம்பின் வாயருகே, நீர் சலசலக்கும் இடத்தை விட்டு அகலாமல், செவுள் மூடிகளை அகலத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்து இரண்டொரு மணி நேரம் போனதும் ஒன்றும் நடவாததுபோல் மேயத் தொடங்கிவிடும். நோயால் வரும் மூச்சிரைப்பு இப்படி நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போவதில்லை. பகலில் அது கூடுமே தவிரக் குறையாது. விடியலில் வந்து பகலில் மறைவது ஒட்சிசன் குறைபாடு.

காரணம் எளிது. நீரில் எவ்வளவு ஒட்சிசன் கரையும் என்பதை வெப்பநிலையும் உப்புத்தன்மையும் மட்டுமன்றி, மேலிருந்து அழுத்தும் காற்றும் தீர்மானிக்கிறது. 26 பாகை செல்சியஸில் உள்ள கடல்நீர் கடல்மட்டத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஒட்சிசனை ஏற்கும். அதே நீர் சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 6.2 அளவையும், 1,200 மீற்றரைத் தாண்டிய பண்டாரவளையில் 5.7 அளவையும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 5.3 அளவையுமே ஏற்கும். மலையோடைகள் குளிர்ந்திருப்பதால் அவற்றில் ஒட்சிசன் நிறைய உண்டு என்பது உண்மையே. ஆனால் ஹீற்றர் போட்டுச் சூடாக்கிய தொட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. கடற்கரை வெப்பத்தையும் மலைக் காற்றழுத்தத்தையும் சேர்த்து அனுபவிக்கும் நீர் அது. அதில் இரவு முழுவதும் மீன்களோடு முருகைகளும் பாசியும் பாறைக்குள் வாழும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன, ஒளித்தொகுப்பு நடப்பதில்லை. அதனால் விடிவதற்குச் சற்று முன்னர் ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. நுரை தள்ளும் அலைக்குப் பழகிய மீன்தான் அதை முதலில் உணர்த்தும். அதே தொட்டியில் உள்ள கோமாளி மீன் ஒன்றும் தெரியாததுபோல் உறங்கிக்கொண்டிருக்கும்.

கரைந்த ஒட்சிசனை அளக்கும் கருவி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி நூறு வீதம் என்று காட்டினால் நீர் நிறைவாக உள்ளது என்பதே பொருள். நுவரெலியாவில் அந்த நூறு வீதத்துக்குள் இருப்பது 5.3 மில்லிகிராம்தான். கருவியில் ஊரின் உயரத்தையோ காற்றழுத்தத்தையோ பதியாவிட்டால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாது.

நீக்கும் வழியும் இதிலிருந்தே வருகிறது. காற்றுக்கல்லை எத்தனை போட்டாலும் ஊரின் உயரம் அனுமதிக்கும் அளவுக்கு மேலே ஒட்சிசனை ஏற்ற முடியாது. இரவில் அந்த அளவை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பம்புகளில் ஒன்றை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு முழுவதும் கலங்கும்படி செய்யுங்கள். நுரையெழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை இரவில் சத்தம் கேட்கிறதென்று நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பாசி வளர்க்கும் கீழ்த்தொட்டி இருந்தால் அதன் விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணையுங்கள். மேலே ஒட்சிசன் செலவாகும் நேரத்தில் கீழே உற்பத்தியாகும். வெப்பநிலையை 27 பாகையில் வைத்திருப்பதை விட 25 பாகையில் வைப்பது மலைக்குப் பொருந்தும், மின்கட்டணத்துக்கும் நல்லது. படுக்கப் போகுமுன் கைநிறைய உணவு போடுவது வேண்டாம். இவையெல்லாம் செய்தும் விடியலில் மூச்சிரைப்பு நீடித்தால் தொட்டியில் உயிர்கள் கூடிவிட்டன என்று கொள்ள வேண்டும். என் கணிப்பில், தலவாக்கலைக்கு மேலே உள்ளவர்கள் 500 லீற்றருக்குக் குறைந்த, ஆறடி நீளமில்லாத தொட்டியில் இம்மீனை வைக்காமலிருப்பதே நேர்மை.

நீர் நன்றாகக் கலங்குகிறது. ஆனாலும் மூச்சு வேகமாக இருக்கிறது, முருகைகளும் சுருங்குகின்றன

விடியற்காலை பி.எச். அளவைப் பாருங்கள். 7.8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஐயப்பட வேண்டியது தொட்டியை அல்ல, அறையை. குளிருக்குப் பயந்து கதவு யன்னல்களை அடைத்து, இடுக்குகளிற் பழந்துணியும் செருகி, உள்ளே நாலைந்து பேர் உறங்கும் வீட்டில், அதுவும் பக்கத்துச் சமையலறையில் விறகடுப்புத் தணலாக இருக்கும்போது, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வெகுவாகக் கூடிவிடுகிறது. ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் இழுத்து நீரில் கலக்கிறது. நீரை எவ்வளவு நன்றாகக் கலக்குகிறீர்களோ அவ்வளவு நன்றாக அறைக்காற்று உள்ளே போகிறது என்பதால், முன்னைய அறிகுறிக்குச் செய்த வைத்தியம் இங்கே உதவாது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. ஒரு கோப்பைத் தொட்டிநீரை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய், சிறிய காற்றுப் பம்பொன்றை அதில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பின்னர் உள்ளே கொண்டுவந்து தொட்டியின் வெப்பநிலைக்கு வந்ததும் பி.எச். அளவைப் பாருங்கள். 0.2 அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் குற்றம் அறைக்காற்றினுடையது. ஏறவில்லையென்றால் காரத்தன்மை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) வரை கொண்டுவர வேண்டும். அறைக்காற்றுத்தான் காரணமென்றால் பி.எச். ஏற்றும் தூள்களைப் போடுவது வீண்வேலை. போட்ட அன்று ஏறி மறுநாள் விடியலில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை யன்னல் சட்டத்தில் ஒரு துளையிட்டு வெளியே விடுவதே சரியான தீர்வு. ஆனால் யன்னல் தேயிலை மலையையோ மரக்கறித் தோட்டத்தையோ பார்த்திருந்தால், மருந்தடிக்கும் நாளில் அந்தக் குழாயை மறவாமல் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்தின் ஆவி இறாலுக்கும் நண்டுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அப்படி அடிக்கடி மருந்தடிக்கும் இடமாயின், வெளிக்காற்றை விட்டுவிட்டு, காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்புக் குடுவையைக் குழாயிற் பொருத்துவது மேல்.

மின்வெட்டுக்குப் பின் அடியில் ஒதுங்கி அசையாமல் கிடக்கிறது

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போதும் இடிமழை இரவொன்றில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து, யாரும் எழுந்து பாராமல் விடியும்வரை தொட்டி ஓடாமல் இருக்கலாம். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையாக உள்ள நுவரெலியாவில், அதிலும் தை மாசியில் தேயிலைக் கொழுந்து பனியிற் கருகும் நாட்களில், நின்றுபோன தொட்டி விரைவில் 20 பாகைக்குக் கீழே இறங்கிவிடும்.

மின்சாரம் வந்ததும் முதலிற் கொடுக்க வேண்டியது காற்று. சூடு அதன் பிறகு. குளிர்ந்த மீனுக்கு ஒட்சிசன் தேவை குறைவு, சூடேற ஏற அது கூடும். ஆகவே பம்புகளை ஓடவிட்டு, நீர் கலங்கத் தொடங்கிய பின்னர், மணிக்கு ஒரு பாகைக்கு மேற்படாமல் சூடேற்றுங்கள். கேத்தலில் கொதிக்கவைத்த நீரை நேரே ஊற்றுவது தொட்டியைக் கெடுத்துவிடும். மின்சாரம் வரவில்லையென்றால் வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களை மிதக்கவிடலாம். கண்ணாடியைச் சுற்றி மூன்று பக்கமும் ரெஜிபோம் பலகை வைத்துக் கம்பளி போர்த்தலாம். மேற்புறத்தை மட்டும் மூடக்கூடாது, ஏனெனில் பம்பில்லாத நேரத்தில் அந்தத் திறந்த நீர்ப்பரப்பு ஒன்றின் வழியேதான் ஒட்சிசன் உள்ளே போகிறது.

மின்சாரம் நின்றவுடன் தானாகவே ஓடத் தொடங்கும் பற்றரிக் காற்றுப் பம்பொன்று மலைத் தொட்டிக்கு விளக்கைவிட அவசியமான பொருள் என்பேன். ஹீற்றரைப் பொறுத்தவரை 500 லீற்றருக்கு 250 வாற்று வீதம் இரண்டைத் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியொன்றில் இணைப்பது நல்லது. ஒன்று செயலிழந்தால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் அதனால் மட்டும் தொட்டியை வேகவைக்க முடியாது.

உப்புமானி பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடலாம். மிதக்கும் வகை உப்புமானிகளிற் பெரும்பாலானவை 25 பாகைக்கு அளவிடப்பட்டவை. வாளியில் 16 பாகையில் இருக்கும் புதுநீரில் அதை மிதக்கவிட்டால் ஒப்படர்த்தியை உண்மையை விட ஏறத்தாழ 0.002 கூடுதலாகக் காட்டும். அதை நம்பி நன்னீர் சேர்த்து, சூடாக்கித் தொட்டியில் ஊற்றினால் உப்பு குறைந்துபோகும். நீர் மாற்றிய மறுநாள் மீன் சோர்ந்திருப்பதற்கு இது ஒரு மறைவான காரணம். சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும்.

உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்

கிரிப்டோகாரியன் இரிற்றன்ஸ் என்னும் ஒட்டுண்ணியின் வேலை இது. டாங் இனங்களிலேயே பவுடர் ப்ளூ இதற்கு மிக எளிதில் ஆளாகும். குளிர் பட்டதால் நமக்குத் தடிமன் பிடிப்பதுபோல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி பிடித்துவிட்டது என்று பலரும் சொல்வதுண்டு. குளிர் ஒட்டுண்ணியை உண்டாக்குவதில்லை. அது முன்னரே ஒரு மீனிலோ கல்லிலோ நீரிலோ தொட்டிக்குள் வந்திருக்க வேண்டும். வெப்பநிலை இரவும் பகலும் ஏறி இறங்குவது மீனின் எதிர்ப்பைக் குறைத்து அதற்கு வழிவிடுகிறது.

புள்ளிகள் மூன்று முதல் ஏழு நாட்களில் தாமாக மறையும். கடையில் வாங்கிய ஏதோ ஒரு நீர்மருந்து வேலை செய்துவிட்டது என்று அப்போது மகிழ்வோர் ஏராளம். உண்மையில் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, பாறையிலும் மணலிலும் கூடு கட்டியிருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் பெருகி, சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவந்து, ஓரிரு நாட்களுக்குள் மீனைத் தேடிப் பிடிக்கும். இரண்டாம் முறை வரும் தாக்குதல் செவுள்களை மூடிவிடும். ஏற்கெனவே குறைந்த ஒட்சிசனில் வாழும் மலை மீனுக்கு அந்தச் செவுள் சேதம் கடற்கரை மீனை விட விரைவில் ஆபத்தாகிறது.

முருகை உள்ள தொட்டிக்குள் இதற்கு உறுதியான மருந்து இல்லை. செப்பு ஒட்டுண்ணியைக் கொல்லும். முருகையையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். ஆகவே எல்லா மீன்களையும் பாறையோ மணலோ இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். அங்கே செப்பு சல்பேற்று வகை மருந்தாயின் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவை நாளும் சோதித்துப் பேணி, மூன்று வாரம் வைத்திருப்பது ஒரு முறை. பிணைக்கப்பட்ட செப்பாயின் அளவு வேறு, போத்தலில் உள்ளபடி செய்யுங்கள். செப்பு இம்மீனின் பசியைக் கெடுப்பதுண்டு என்பதால், மருந்தே இல்லாமல் செய்யும் தொட்டி மாற்றும் முறையை நான் முதலிற் பரிந்துரைப்பேன்: மூன்று நாட்களுக்கொரு முறை, நீரும் கருவியும் புதிதாக உள்ள வேறொரு தொட்டிக்கு மீனை மட்டும் மாற்றுவது, இப்படி நான்கு மாற்றங்கள். ஒட்டுண்ணி இறங்கிக் கூடு கட்டிக் குஞ்சு விடுவதற்குள் மீன் அங்கிருந்து போய்விடுகிறது.

இந்த முறையின் உயிர்நாடி, விட்டுவந்த தொட்டியும் வாளியும் வலையும் முற்றாகக் காய்வது. மலையில் ஆனி ஆடி மாதங்களில், மூடுபனி யன்னல்வரை வந்து நிற்கும்போது, கொடியில் போட்ட துணியே காயாது. வாளியின் விளிம்பு மடிப்புக்குள் ஈரம் நாட்கணக்கில் நிற்கும். வெளிறாக்கும் திரவத்தில் கழுவி, நன்றாக அலசி, அடுப்பங்கரைச் சூட்டில் காயவைத்து, விளிம்பு மடிப்பை விரலால் தடவிப் பார்த்த பின்னரே மறுபடி பயன்படுத்துங்கள். புதிய நீரை முதல்நாளே அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து காற்றுக்கல் போட்டு வைத்திருக்க வேண்டும்.

முதன்மைத் தொட்டி மீனில்லாமல் 76 நாட்கள் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. அது சூடான தொட்டிக்குரிய கணக்கு. மேலதிகப் பாறையை ஹீற்றரில்லாத வாளியில் போட்டு, இரண்டு மூன்று மாதம் போனபின் சுத்தமாகிவிட்டது என்று திரும்ப இடுவோர் உண்டு. 12 பாகையில் வைக்கப்பட்ட கூடுகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, சூடு பட்டதும் குஞ்சு விட்டமை ஆய்வுகூடத்தில் காணப்பட்டுள்ளது. நம் பின்வாசலில் வைத்த வாளி அந்தக் குளிரை எளிதில் தொடும். பாறையை ஒன்று சூட்டில் வைத்திருங்கள், இல்லையேல் முற்றாகக் காயவிடுங்கள்.

புள்ளியாக இல்லை, பொன்நிறத் தூசு படிந்ததுபோல் இருக்கிறது

கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய, மங்கிய பொன்தூசு தெரிந்து, மீன் உணவை மறுத்து, பகலிலும் நீரோட்டத்துக்குள்ளேயே நின்றால், அது அமைலூடினியம் என்னும் வேறோர் ஒட்டுண்ணி. இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. ஓரிரு நாளில் மீன் இறந்துவிடும். அதே வெப்பநிலைக்கும் பி.எச். அளவுக்கும் கொண்டுவந்து காற்றூட்டிய நன்னீரில் நான்கைந்து நிமிடம் விட்டெடுத்து, உடனே தனித் தொட்டியில் செப்பு மருந்தைத் தொடங்குங்கள். நன்னீர்க் குளியல் நேரத்தை வாங்கித் தருமேயன்றிக் குணப்படுத்தாது. ஃபோர்மலின் நீரின் ஒட்சிசனைக் குறைப்பது. மலையில் அதைத் தவிருங்கள். வெள்ளைப்புள்ளியா இதுவா என்று பிரித்தறிய முடியாதபோது, கண்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தை நாடலாம். செவுளின் ஒரு சிறு துணுக்கை நுண்காட்டியில் வைத்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

கொழும்பிலிருந்து கொண்டுவந்த அன்றே தள்ளாடுகிறது

கடல்மட்டத்தில் ஒட்சிசன் நிரப்பி இறுகக் கட்டிய பைக்குள் இருக்கும் வாயு, நுவரெலியாவுக்கு வரும்போது ஏறத்தாழக் காற்பங்கு விரிந்துவிடும். கினிகத்தேனையைத் தாண்டியதும் பை பறைபோல் விறைத்து, கட்டிய ரப்பர் வளையத்தருகே நீர் கசிவதைக் காணலாம். கடையில் கட்டும்போதே பையை முக்கால் விறைப்பில் கட்டச் சொல்லி, இரட்டைப் பையில் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவாருங்கள்; வழியில் பையைத் திறந்து காற்று விடாதீர்கள். நெடுநேரம் மூடியிருந்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். காபனீரொட்சைட்டும் சேர்ந்து பி.எச். இறங்கியிருப்பதால் அந்த அமோனியா அதுவரை அதிகம் தீங்கு செய்யாமல் இருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி, அது நஞ்சாகிறது. ஆகவே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலந்து பழக்குவது இங்கே தீமையே. கடையின் உப்புத்தன்மையை முன்கூட்டியே கேட்டறிந்து, தனிமைப்படுத்தும் தொட்டியை அதே அளவில் வைத்திருந்து, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பம் ஒத்துவந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள்.

நிறம் வெளிறியிருக்கிறது

இரவில் வெளிறுவது இயல்பு. பகலிலும் வெளிறியிருந்தால் சண்டையைத் தேடுங்கள். இதற்குத் தன்னைப் போன்ற வேறு டாங் எதையும் பொறுக்காது, கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடும் மோதும். டாங் மீன்களின் வால் அடியிலுள்ள கத்திபோன்ற முள்ளால் கிழித்த நேர்கோட்டுக் காயம் மற்ற மீனில் தெரிந்தால் பிரித்துவிடுங்கள்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது

முன்னிருந்து நேராகப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகுத்தசை ஒடுங்கியும் வயிறு உட்குழிந்தும் இருந்தால், அது தின்பது போதவில்லை, அல்லது தின்பது சரியான உணவில்லை. நாள் முழுவதும் மேய்ந்து பழகிய மீனுக்கு ஒருவேளைப் படையல் போதாது. நோரி எனப்படும் கடற்பாசித் தாளையோ, உலர்ந்த கடற்பாசியையோ கவ்வியில் மாட்டிக் காலையில் ஒன்றும் மதியத்துக்குப் பின் ஒன்றுமாக வையுங்கள். உறைந்த மைசிஸ் இறாலை விற்றமின் கலந்து அதற்கு மேலதிகமாகக் கொடுங்கள். நுவரெலியாவில் மலிவாகக் கிடைக்கிறதென்று சலாது இலையைக் கட்டித் தொங்கவிடுவோர் இருக்கிறார்கள். கடற்பாசியில் உள்ள சத்து அதில் இல்லை. எத்தனை முறை மருந்தடித்த இலை என்பதும் தெரியாது. வெண்மையான நூல்போன்ற கழிவு தொங்கினால் குடல் ஒட்டுண்ணிகளை ஐயப்பட்டு, தனித் தொட்டியில் வைத்துப் பிராசிகுவன்டெல் அல்லது மெட்ரொனிடசோல் கலந்த உணவு கொடுப்பதே வழக்கம்.

முகத்திலும் பக்கவாட்டுக் கோட்டிலும் குழிகள் விழுகின்றன

இது தொற்றும் நோயன்று. உணவுக் குறைபாடு ஒரு காரணம். வடிகட்டியில் இடும் கரியின் தூசு மற்றொன்று. 2011இல் வெளியான ஆய்வொன்றில், லிக்னைற்று என்னும் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரி இட்ட நீரில் வைக்கப்பட்ட டாங் மீன்களுக்கு இப்படிக் குழிகள் விழுந்தன. நம் நாட்டில் தேங்காய்ச் சிரட்டைக் கரி தாராளமாகக் கிடைக்கிறது. அது கடினமானது, தூசு குறைவு. ஆனாலும் நன்னீரில், கறுப்பு நீங்கி நீர் தெளியும்வரை அலசி, பையில் கட்டி, மாதத்தில் சில நாட்கள் மட்டும் வைத்து எடுத்துவிடுங்கள். கரியை நிறுத்தி உணவைத் திருத்தினால் ஆழமில்லாத குழிகள் சில மாதங்களில் மூடும். ஆழமானவை தழும்பாக நின்றுவிடும், அதனால் மீனின் ஆயுளுக்குக் குறைவில்லை.